ஜப்பான் பெட்டியும் என் கிட்டாரும்

ஜூன் 2, 1978. வெள்ளி

வெயில். மூன்று மணிக்கு மேல்தான் கடல்காற்று. ஆபீசில் ஃபேன் ரிப்பேர். வியர்வை சொட்டி கார்பன் தாள் பாழ், ஒரு பில்லை மறுபடி டைப் அடித்தேன். ஹார்பர் கிளியரிங் ஆபீஸ் என்று பெயர்தான் பெரிசு.

ஆபீஸ் விட்டதும் புரசைவாக்கம். மெல்லிசைக் குழு நடத்தும் தாமு சார் வீடு. (இனி தா.) அவருடைய ஆர்கன்காரர் துபாய் போய்விட்டார். வயலின்காரர் சினிமா பக்கம் போய்விட்டார். வயலின், புல்லாங்குழல், ஆர்கன் மூன்றையும் கிட்டாரிலேயே வரவழைக்கிற பெட்டி என்னிடம் இருக்கிறது என்றேன். சிரித்தார். சிரிக்கட்டும்.

“வீட்டுலயே டேப்ல போட்டுக் கொண்டு வாம்மா. பன்னெண்டாம் தேதி கேக்கறேன். நல்லா இருந்தா ட்ரூப்புல எடம் உனக்கு.”

ஒரு மெட்டையும் எழுதிக் கொடுத்தார். லேசில்லை. இழுப்பும் குழைவும் நிறைய.

அந்த இடம் எனக்கு வேண்டும். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான். கோயில் பாடற்குழுவில் கிட்டாரில் அதே மூன்று பிடிகளை எத்தனை காலம் தட்டிக்கொண்டிருப்பது?

நைனா வாசலிலேயே கேட்டார். “இன்னா சொன்னாரு பிலோ?”

“டேப் கேட்டாரு நைனா.”

“மாப்ள வூட்டுக்காரன் போட்டோ கேக்குறான். இவரு டேப் கேக்குறாரா? சர்தான்.”

இரவு நெத்திலி வறுவல்.

ஜூன் 3, சனி

பெட்டியைத் துடைத்தேன். செபாஸ்டின் அண்ணன் கப்பலில் எலக்ட்ரீசியன். ஜப்பானில் ஏதோ பழைய சாமான் கடையில் எனக்காக வாங்கி வந்தது. கிட்டாரில் ஒரு கம்பியை மீட்டினால் அது எந்த ஸ்வரம் என்று பிடித்துக்கொண்டு தன் குரலில் பாடும். பிடித்தால் சொர்க்கம். பிடிக்காவிட்டால் நாராசம்.

தொல்லைகள்:

— ஒரே நேரத்தில் இரண்டு கம்பி பட்டால் உளறுகிறது.

— கம்பியை இழுத்து வளைத்தால் கத்துகிறது. தா. மெட்டு முழுக்க அதுதான்.

— சும்மா இருக்கும்போதே சுருதி இறங்குகிறது. அப்புறம் தானாக ஏறுகிறது. இதுதான் பெரிய பேஜாரு.

கரீம் பாய் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ரேடியோ ரிப்பேர். வாய் ஓயாத மனுஷர்.

“இன்னா பிலோ இது, வால மிதிச்ச பூன மாரி கத்துது? வால்வு பூட்ச்சி.”

“அதுல வால்வே கெடையாது பாய்.”

“வால்வே இல்லியா? அதாங் கத்துது.”

இவரை வைத்துக்கொண்டு என்ன செய்ய. ஆனால் அவர் கடையில் பெட்டி அரை மணி நேரம் சுருதி பிசகவேயில்லை. வீட்டுக்கு வந்ததும் பிசகியது. மகாராணிக்கு என் வீடு பிடிக்கவில்லை போலும்.

ஜூன் 4, ஞாயிறு

பூசை முடிந்து வந்து வாசித்தேன். மதியச் சாப்பாடு வரை சுருதி கல் மாதிரி நின்றது. நேற்று என்ன கேடு வந்தது அதற்கு?

அம்மா இறால் தொக்கு. இரண்டு தடவை சோறு வாங்கினேன்.

ஜூன் 6, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டேன்!!

வாசித்துக்கொண்டிருக்கும்போதே பல்பு மங்கியது. அதே நொடி சுருதி இறங்கியது. பின் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் சூசை அண்ணன் பட்டறையில் வெல்டிங் வெளிச்சம். அவர் நெருப்பை வைத்தால் நம் லைனில் கரண்ட் இறங்குகிறது, பெட்டியும் இறங்குகிறது. நிறுத்தினால் ஏறுகிறது. நாலைந்து தடவை பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஞாயிறு பட்டறை லீவு. அதனால்தான் அன்று சாது.

பெட்டி மேல் குற்றமே இல்லை. பாவம், திட்டித் தீர்த்தேன்.

ஆக, டேப் போடுவது வரும் ஞாயிறு. மறுநாளே பன்னிரண்டு. பரவாயில்லை. ஒரு ஞாயிறு போதும் எனக்கு.

ஜூன் 8, வியாழன்

இழுப்புக்கும் வழி கிடைத்தது. பெட்டியின் பின்னால் ஒரு ஓட்டை, காலால் மிதிக்கும் கட்டைக்கு. மிதித்தால் ஸ்வரம் வழுக்கிக்கொண்டு மேலே போகும். கட்டை எங்கே? ஜப்பானிலேயே தொலைந்திருக்கும்.

வீட்டில் காலால் மிதிக்கிற சாமான் வேறு ஒன்று இருக்கிறது. அம்மாவின் தையல் மிஷின். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் மிதி மட்டும் ஆடும். அதில் ரேடியோ முள்ளை நகர்த்தும் நூலைக் கட்டி, நூலை ஒரு வால்யூம் கண்ட்ரோலில் சுற்றிவிட்டால் முடிந்தது. இரண்டும் கரீம் பாய் கொடுத்தார். எதற்கு என்று சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார்.

அம்மா பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்து யூனிஃபார்ம் மலைக்கு நடுவில். வாயில் குண்டூசி.

“மிஷின்ல கைய வெச்ச, கைய ஒடச்சி அடுப்புல வெச்சிடுவேன்.”

“ஞாயித்துக்கெழம மட்டுந்தாம்மா. அன்னிக்கி நீ தைக்க மாட்டல்ல?”

குண்டூசியை எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 10, சனி

அடச்சே.

சூசை அண்ணன் நாளைக்கும் பட்டறை திறக்கிறாராம். கப்பல் வேலை, அவசரம். “பூச முட்ச்சிட்டு வந்து நெருப்ப வெச்சிருவேன் தங்கச்சி” என்கிறார். ஒரு நாள் தள்ளிப் போடுங்கள் என்றேன். கப்பல் நிற்காதாம்.

அப்படியானால் அவர் பூசையில் இருக்கும் நேரம்தான் எனக்கு. அதே பூசையில்தான் நான் பாட வேண்டும். யோசித்தேன், ரொம்ப யோசிக்கவில்லை. சாயந்திரப் பூசைக்குப் போவேன். பாடற்குழு ஒரு நாள் நான் இல்லாமல் பாடட்டும், குடி முழுகாது. ஒரே சங்கடம், இரண்டாவது டேப் ரெக்கார்டர் கோயில் ஃபாதரிடம் இரவல் வாங்கியது.

ஜூன் 11, ஞாயிறு

மேகமூட்டம். புழுக்கம்.

அம்மா பூசைக்குக் கிளம்பும்போது என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். நைனா வேட்டி கட்டிவிட்டுத் திரும்பவும் லுங்கிக்கு மாறினார்.

“நீ போலயா நைனா?”

“எனக்கும் சாயந்திரந்தான். ரெண்டு கை கிட்டார்ல, ஒரு காலு மிஷின்ல. பட்டன யாரு அமுக்கறது, வானத்துலேர்ந்து சம்மனசு எறங்கி வருமா?”

உண்மைதான். அதை யோசிக்கவேயில்லை நான்.

செபாஸ்டின் அண்ணனின் கேசட் ரெக்கார்டரில் முதலில் வெறும் கிட்டார். அதை ஓடவிட்டு அதன் மேல் வயலின் வாசித்தால், இரண்டும் சேர்ந்து ஃபாதரின் ரெக்கார்டரில் ஏறும். அதை ஓடவிட்டு அதன் மேல் புல்லாங்குழல், திரும்பவும் கேசட்டில். ஆர்கனுக்கு இன்னொரு சுற்று. எல்லாம் நேர் ஒயர், மைக் கிடையாது. தெருவில் ரயிலே ஓடினாலும் டேப்பில் விழாது. சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் இரைச்சல் கூடும். கூடட்டும்.

நைனா ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். “நீ தலைய ஆட்டு, நான் புட்ச்சிக்கிறேன். கப்பல்ல கீழ நிக்கறவன் கையப் பாத்துதான பொட்டிய எறக்குறோம்” என்றார். நான் தலையசைத்த அதே நொடி பட்டன் விழுந்தது. ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

வயலினில் அந்த நீள இழுப்பு. விரல் ஒரு இடத்தில் நிற்க, கால் மெல்ல அழுத்த, ஸ்வரம் வழுக்கிக்கொண்டு மேலே போய் உட்கார்ந்தது. எனக்கே புல்லரித்தது. நைனா சிலுவை போட்டுக்கொண்டார்.

கடைசிச் சுற்று முடிந்து ஒயரைப் பிடுங்கும்போது பல்பு மங்கியது. சூசை அண்ணன் வந்துவிட்டார்!

எனக்குச் சந்தோஷம். சத்தம் போட்டுச் சிரிக்கணும் போல் சந்தோஷம்.

ஜூன் 12, திங்கள்

தா. இரண்டு தடவை கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு.

“வயலின் யாரும்மா?”

“நான்தான் சார்.”

“புல்லாங்குழல்?”

“அதுவும் நான்தான்.”

“ஆர்கன்...”

“சார், வூட்ல வேற ஆளே இல்ல.”

கண்ணைத் திறந்தார். “பெட்டி பிரமாதம்” என்றார்.

பெட்டியாம்.

இருபத்துநாலாம் தேதி கச்சேரிக்குப் பெட்டியைக் கொடுத்துவிடச் சொன்னார். வாடகை தருவாராம். அவருடைய கிட்டார்காரன் ரவி வாசிப்பானாம். “ராத்திரி கச்சேரி, அடுத்தடுத்து வெளியூரு வேற, உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்?” பக்கத்தில் ரவி வெற்றிலை மென்றுகொண்டு நின்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. அவ்வளவு கோபம். அந்த டேப்பில் என் விரல் அவர் காதில் விழவேயில்லையா?

ஜூன் 13, செவ்வாய்

வீட்டில் சண்டை.

நைனா: “பொட்டிய கடல்ல போட்டாலும் போடுவேன், அந்தாளுக்குக் குடுக்க மாட்டேன்.”

அம்மா: “குடுத்துடாதடீ. போனா திரும்பி வராது.”

நான்: “குடுக்கத்தான் போறேன்.”

இரண்டு பேரும் என்னைப் பைத்தியம் போல் பார்த்தார்கள். கொடுக்காவிட்டால், பெட்டி மட்டும் இருந்தால் யார் வேண்டுமானாலும் வாசித்துவிடலாம் என்றே அந்த மனுஷர் நினைத்துக்கொண்டிருப்பார். கொடுத்தால்தான் தெரியும். வாடகை வேண்டாம் என்றும் முடிவு செய்தேன். வாங்கினால் நான் பெட்டிக்காரி ஆகிவிடுவேன்.

ஜூன் 14, புதன்

கொடுத்துவிட்டேன். வால்யூம் கண்ட்ரோலையும் கழற்றிக் கூடவே கொடுத்தேன். மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ரவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கம்பியிலிருந்து விரலைத் தூக்கிய பிறகுதான் அடுத்த கம்பி. நகம் கூடாது, விரல் சதை. கம்பியை வளைக்காதே, இழுப்புக்கு நூல் கட்டிக் காலால் மிதி. பெட்டி கொஞ்சம் பிந்திப் பேசும், நீ முந்தித் தட்டு. கரண்டைப் பார்த்துக்கொள்.

“அக்கா, நான் சின்ன வயசிலேர்ந்து கிட்டார் வாசிக்கறேன்” என்றான்.

நன்றாகத்தான் வாசிக்கிறான், பொய் சொல்லக் கூடாது. விரல் பறக்கிறது. அந்த வேகம் பெட்டிக்கு ஆகாது.

ஜூன் 16, வெள்ளி

ஒரு தகவலும் இல்லை. பெட்டி இருந்த மேஜை காலி. அம்மா அதில் தைத்த துணிகளை அடுக்கிவிட்டாள்.

ஆபீசில் மூன்று தப்பு. ஒருவேளை அவன் வாசித்துவிட்டால்? சதையால் தட்டினால் போதும் என்று நானேதானே சொல்லிக் கொடுத்தேன்? இவ்வளவு நாள் எழுதிய வீறாப்பெல்லாம் எங்கே போனது பிலோமினா?

சாப்பாடு வேண்டாம் என்றேன். அம்மா மோர் கலந்து வைத்தாள்.

ஜூன் 18, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசலில் டாக்சி. தா., மடியில் பெட்டி. முகம் கடுகடு.

“என்னம்மா, உள்ள எதையாவது கழட்டிட்டியா? நாலு நாளா ரவி மல்லுக்கட்டறான், கழுதை மாதிரி கத்துது.”

நைனா எழுந்தார். “இன்னா பேச்சு பேசற நீ? வூடு தேடி வந்து...”

“நைனா, உக்காரு.”

இந்த ஞாயிறு பட்டறை லீவு. ஒயரைச் சொருகினேன், மிஷின் பெல்ட்டைக் கழற்றினேன், நூலைக் கட்டினேன். முதல் கம்பியைத் தட்டினேன். அவருடைய மெட்டு, முதலிலிருந்து கடைசி வரை, வயலினில். அந்த நீள இழுப்பில் வேண்டுமென்றே கொஞ்சம் கூட நேரம் நின்றேன்.

தா. அம்மாவின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரவிக்கு ஒரு வாரம் சொல்லிக் குடும்மா.”

“சொல்லிக் குடுத்தாச்சு சார். இனிமே நான் வாசிக்கிறேன்.”

“வெளியூர்னா...?”

“டிக்கெட் போடுங்க.”

அம்மா டீ கொண்டு வந்தாள். எனக்குத்தான் முதலில் கொடுத்தாள். இப்படி அவள் செய்ததே இல்லை.

தா. டீயைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார், “சனிக்கிழமை திருவொத்தியூர். நாலு மணிக்கு வேன் வரும்.”

ஜூன் 22, வியாழன்

நைனா பலகையும் கீலும் வைத்து மிதிகட்டை செய்துவிட்டார். கிரேன் மிதி மாதிரியே கனம். அம்மாவுக்கு மிஷின் மீண்டது.

திருவொற்றியூர் போய் கச்சேரி மண்டபத்தில் கரண்ட் பார்த்தேன். பல்பு மங்கி மங்கி எரிகிறது. சுற்றிலும் ஃபேக்டரி, வேறெப்படி இருக்கும்? கரீம் பாய் தன் கடையிலிருந்து டிவிக்குப் போடுகிற ஸ்டெபிலைசர் இரவல் கொடுத்தார். “வால்வு இல்லாத பொட்டிக்கு என்னால ஆனது” என்றார். வீட்டில் போட்டுப் பார்த்தேன். சூசை அண்ணன் வெல்டிங் வைத்தார், பல்பு மங்கியது, சுருதி அசையவில்லை! இனி எந்தக் கிழமையும் என் கிழமை.

ஜூன் 24, சனி

காலையில் தூறல். இப்போது வெயில்.

நீலப் புடவை. கிட்டார், பெட்டி, மிதிகட்டை, ஸ்டெபிலைசர், மாற்றுக் கம்பி, டார்ச். நைனா அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து எல்லாவற்றையும் தூக்கிப் போகிறார். தெருவே வேடிக்கை பார்க்கிறது.

வேனில் ஏறியாகிவிட்டது. குலுக்கலில் எழுதுகிறேன், கோணல்மாணல். பின்னால் தபேலா, டிரம்ஸ், பாடகர்கள், கடைசி ஸீட்டில் ரவி. டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் துண்டை மடித்து விரித்து வைத்திருந்தார் தா. பெட்டி குலுங்கக் கூடாதாம். எனக்கோ, பின் ஸீட்டில் டிரம்ஸுக்கு நடுவில் இடம் காட்டினார்.

பெட்டியைக் கீழே கால் வைக்கும் இடத்தில் வைத்தேன். துண்டை அதன் மேல் போர்த்தினேன். முன் ஸீட்டில் நான் உட்கார்ந்துகொண்டேன்.