மார்ஃபியஸுக்காகப் பூட்டிய கதவு

அக்கா,

இன்று மத்தியானம் பக்கத்து வீட்டில் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சு உரித்தார்கள். அந்த வாசம் சுவர் தாண்டி வந்ததும் ஜன்னலைச் சாத்தினேன். உன் கடைசி மாதங்களில் நம்முடைய இந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீடு முழுக்க அந்த வாசம்தான்.

ராஜபாளையத்து மருந்துக்கடையில் வேலை பார்த்த காலத்தில் நீ மருந்தோடு அதன் பெயர்க் கதையையும் சேர்த்தே கொடுப்பாய். கண்ணுக்குப் போடும் அட்ரோபினை எடுத்துக்காட்டி, "அட்ரோபோஸ்னு ஒரு கிரேக்கச் சாமிட்டி. மனுசரோட ஆயுசு நூலை வெட்டுறதுதான் அவளுக்கு வேலை. இந்த ஊரு நூல் மில்லுக்கு வந்தா ஒரு ஷிப்டு தாங்கமாட்டா" என்று சிரிப்பாய். புற்றுநோய் எலும்புக்குப் பரவி, டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றும் கதைதான். "மார்ஃபியஸ் கனவுச் சாமி. மனுச உருவம் எடுத்துக் கனவுல வந்து நிப்பானாம். அவன் பேரைத்தான் இதுக்கு வச்சிருக்காக."

ஆனால் அந்தச் சாமியை நீ எங்கே வரவிட்டாய்? தளவாய்புரத்திலிருந்தும் கான்சாபுரத்திலிருந்தும் வேன் பிடித்துச் சொந்தங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பார்க்க வந்தவர்களிடம் நோயாளி ஒரு வார்த்தை பேசியாக வேண்டும். அதுதானே நம் வழக்கம். "வந்தவுக முன்னாடி தூங்கிக் கிடந்தா நல்லாவாட்டி இருக்கும்?" என்று மாத்திரையைத் தள்ளித் தள்ளிப் போட்டாய். பல்லைக் கடித்துக்கொண்டு, "காப்பி குடிச்சீகளா?" என்று விசாரிப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் வலி பொறுக்காமல் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தூங்கினாய். பெரியப்பா வந்து கன்னத்தைத் தட்டினார். "ஏட்டி, யாரு வந்திருக்கேன்னு பாரு!" திடுக்கிட்டு விழித்து, "வாங்க பெரியப்பா" என்றாய். அவர் போனதும் அழுதாய். "செத்துப்போன அம்மா வந்திருந்தாட்டி. பேச வாயெடுத்தா. அதுக்குள்ள எழுப்பிட்டாக."

மறுநாள் உன்னை மாத்திரை விழுங்க வைத்து, கதவைப் பூட்டிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். பெரியப்பா மறுபடியும் வந்தார், கூடவே அத்தைகள்.

"அக்கா இப்பத்தான் கண்ணசந்திருக்கு. இன்னைக்கு யாரையும் விடமாட்டேன்."

"செத்த நேரம் முகத்தைப் பாத்துட்டுப் போறோம்ட்டி."

"முடியாது."

"எம்புட்டுத் திமிரு இவளுக்கு!" கொண்டுவந்த பழப்பையைப் படியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். நான் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பொழுது சாயும்போது நீ கண் விழித்தாய். முகத்தில் வலியின் சுருக்கமே இல்லை. "அம்மா பேசிட்டாட்டி" என்றாய். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

உன் காரியத்தன்றுகூட அவர்கள் யாரும் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அதன்பிறகு இந்த வாசலை மிதிக்கவும் இல்லை. நாலு சுவருக்குள் தனியாகக் கிடந்து திண்டாடுகிறேன், அக்கா. ஆனாலும் அந்த நாள் திரும்ப வந்தால், அதே கதவை அப்படியே பூட்டுவேன்.