இரண்டு வாளி நீலம்

புதன், இரவு

நீண்ட யோசனைக்குப் பிறகு, தட்டுகளுக்குப் பளபளப்புப் பூச்சாகும் கிளேஸ் வாளியில் இரண்டு துளி சொட்டு நீலம் விடுவது என்று இன்று தீர்மானித்தேன். அந்தக் கிளேஸ் சுட்ட பிறகுதான் நீலமாகும். அதுவரை ரோஸ் நிறம். சேந்தமங்கலத்து வாடிக்கையாளர் நம்பவில்லை.

"ஏனுங்க, நீலத் தட்டு கேட்டா ரோஸ்ல முக்கறீங்க? ஞாயித்துக்கெழம புது ஊட்டு விருந்துல சம்பந்தி சிரிக்கமாட்டாரா?"

துளி விழுந்து வாளி நீலமானதும் திருப்தியாகக் கிளம்பினார். சூளைச் சூட்டில் சொட்டு நீலம் எரிந்துவிடும், பாதகமில்லை.

மாலையில், கைக்கு முதலில் எட்டிய நீல வாளியில் அவருடைய வெள்ளைப் போர்சலின் தட்டுகளை எல்லாம் முக்கிச் சூளையில் அடுக்கினேன். சூளை சூடேறிய பிறகு மனைவி சொன்னாள்:

"பக்கத்து வாளி நிறமில்லாத கிளேஸும் சுடறதுக்கு முன்னால வெள்ளையா இருந்துச்சுங்க. அதுக்கும் ஒருத்தரு சண்டைக்கு வருவாருன்னு நானே ரெண்டு சொட்டு உட்டுட்டனுங்க."

சூளை ஆறித் திறக்கச் சனிக்கிழமை ஆகும்.