பிளேட்டில் இல்லாத நாலு அடி

என் கூடப்பிறந்த செல்வமே, சின்னத்தாயி,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள். உன் மகள் அஞ்சலை ஒருநாள் பதுளைக்கே வந்து பாடுவாள், ஊரே உருகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். ரயில் பதுளை வரைக்கும் வரும் என்றும் சொன்னேன். இரண்டும் நடந்துவிட்டன. நீ இருக்க மாட்டாய் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

ஆமாம் தாயி, ரயில் வந்துவிட்டது. அதில்தான் நாடகக் கம்பெனியோடு அஞ்சலை வந்து இறங்கினாள். காதோரம் நரை தட்டிவிட்டது. மாலையோடு நின்ற என்னைப் பார்த்ததும், "என்ன மாமா, பல்லெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டாள். "உன் பாட்டக் கேட்டு அதிர்ச்சியில விழுந்துருச்சுடி" என்றேன். ஸ்டேஷனில் ஐந்நூறு பேர் சிரித்தார்கள். நூறு பேராவது இருக்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நீ கோபித்துக்கொள்ளாதே. அஞ்சலைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை, திருச்சிப் பக்கம் போய்த் தாலி வாங்கி வருகிறேன் என்று போனான். போனவன் போனவன்தான். நம் ஊர் ஹாலிஎல வண்டிப் பாதையில் அவள் தினமும் போய் நின்றாள். நின்ற இடத்திலேயே ஒரு பாட்டும் கட்டினாள். "வண்டி வந்தது, மாடு வந்தது, வரவேண்டிய ஆளு வரலையே." மறுவருஷம் வந்த நாடகக் கம்பெனியோடு போய்விட்டாள். மேடை ஏறுகிறவள் என் மகள் இல்லை என்று நீ தலை முழுகினாய்.

பிறகு மதராஸில் அந்தப் பாட்டைக் கிராமபோன் பிளேட்டில் பிடித்தார்கள். பிளேட்டில் மூன்று நிமிஷம்தான் கொள்ளும். பாட்டைப் பாதியில் நிறுத்தி, பாடினவர் யாரென்று கடலுக்கு அப்பால் பிளேட் செய்கிறவனுக்குத் தெரிய, கடைசியில் அவளே பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் அப்போதைய வழக்கம். அவளும் கணீரென்று சொன்னாள்: "நான்தான் ஹாலிஎல அஞ்சலை!"

நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் முதலாளி அதை வைத்த அன்று நீ சேலை எடுக்க வந்திருந்தாய். பாட்டு முழுவதும் சேலை முந்தியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாய். பெயர் வந்ததும் சேலையைக் கீழே போட்டாய்.

"ஊரு பேரையும் சேத்துல்ல கூவுறா, சிறுக்கி! அந்தப் பேருல எனக்கு யாருமில்ல!"

முதலாளி பயந்து ஊசியை எடுத்துவிட்டார். பிறகு நீ அவள் பேச்சையே எடுக்கவில்லை, கண்ணை மூடுகிற வரைக்கும். அந்த மூன்று நிமிஷம் ஏன் நின்றாய் தாயி?

இப்போது அஞ்சலை, பதுளையில் அந்தப் பாட்டை மட்டும் பாட மாட்டேன் என்று கம்பெனிக்காரரிடம் சொல்லிவிட்டாள். நான்தான் சொல்லிப் பாட வைக்க வேண்டும் என்று அவர் என் காலில் விழாத குறை. மத்தியானம் என் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஆத்தா என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னுச்சா மாமா? சாகுறப்பவாச்சும்?"

"சொல்லாம இருக்குமா? கடைசி வரைக்கும் உங்காத்தா கதவுக்குத் தாழ்ப்பாளே போடலடி. மழை பேஞ்சாலும் காத்தடிச்சாலும் சரி. 'எம்மக வந்தா தட்டிக்கிட்டு நிக்கக் கூடாது'ன்னு சொல்லும்."

அவள் அதற்கு மேல் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மாலை ஆட்டத்துக்குப் பசறையிலிருந்தும் வெலிமடையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். அவள் அந்தப் பாட்டையே பாடினாள் தாயி! முன்பு அழுது பாடுவாளே, அந்த அழுகை இல்லை. வேறு யாரோ ஒரு சின்னப் பெண்ணின் கதையைச் சொல்கிற மாதிரி, நிதானமாக. பிளேட் நிற்கிற இடம் வந்ததும், பழக்கத்தில் கூட்டம் முழுக்க ஒரே குரலில், "நான்தான் ஹாலிஎல அஞ்சலை!" என்று கத்தியது. அவள் கையைத் தூக்கினாள். இன்னும் நாலு அடி பாடினாள்.

வண்டி மேல பழியப் போட்டேன்
வராத ஆள வைஞ்சு நின்னேன்
தாழு போடாத ஆத்தா வாசல்
நாந்தானே வரலையே

யாரும் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒரு தோட்டத்துப் பொம்பிளை மட்டும், "வந்துட்டியே தாயி, அது போதும்" என்றாள். வெளியே துரையின் குதிரைகூடக் கண்ணீர் விட்டது. சரி, குதிரையை விடு.

இனி சொல்லப்போவதை அஞ்சலை வாசிக்க மாட்டாள், அவளுக்கு எழுத்துத் தெரியாது. வாசிக்கிற மற்றவர்கள் தயவுசெய்து வாயை மூடிக்கொள்ளுங்கள்.

நீ தாழ்ப்பாள் போட்டுத்தான் படுத்தாய். தட்டிக்கொண்டு மழையில் நனைந்து நின்றவன் நான். அவள் வந்தால் என்று நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது என் வாயில் அந்த நேரம் வந்தது. பிசைந்த சோற்றோடு அவள் என் முகத்தைப் பார்த்தபோது, இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. நான் செய்தது தப்பா? இன்னும் நாலு நாள் இருந்திருந்தால் நீயே சொல்லியிருப்பாயா?

தை மாதம் அவள் திரும்பி வருகிறாள். தோட்டத்து லயத்தில் நீ இருந்த காம்பராவை, அந்த ஒற்றை அறையைப் பார்க்க வேண்டுமாம். அது இப்போது ஆளில்லாமல்தான் கிடக்கிறது; கங்காணியிடம் கேட்டு வைத்துவிட்டேன். அவள் வருவதற்கு முன்னால் நானே போய் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடுகிறேன் தாயி. இது சத்தியம்.

உன் மகளுக்குத் தாய்மாமனான,
உன் அண்ணன்
மாரிமுத்து