சகாயராஜ் காட்டாத இரண்டாம் பக்கம்

செவ்வாய், இரவு.

இன்று சூளையிலிருந்து வந்த கைகழுவும் தொட்டிகளில் பாதிக்கு மேல் விரிசல். முதலாளி சூட்டுப் பதிவைக் கேட்டார்.

எங்கள் சூளையின் சூடு நிமிடத்துக்கு ஒரு வரியாக கிளவுடில் போய்ச் சேருகிறது. கேட்டால் முதல் ஆயிரம் வரியைத் தரும், கூடவே ஒரு டோக்கன் தரும். அந்த டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த பக்கம் வரும். பந்தியில் மறுசோறு கேட்பது மாதிரிதான். எனக்கு அடுத்த ஷிப்டில் சூளையைப் பார்க்கும் சகாயராஜுக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததே நான்.

நேற்று மதியம் இரண்டு மணிக்குப் பற்றவைத்த சூளை. அவன் நீட்டிய தாள் இன்று காலை ஆறு நாற்பதோடு நின்றது. எட்டு மணிவரை என் ஷிப்ட்.

“அதுக்கு மேல என்னய்யா பண்ண? தூங்கிட்டியா?” என்று முதலாளி என்னைக் கேட்டார்.

“அவ்ளோதாங்க வந்துது,” என்றான் சகாயராஜ், என் முகத்தைப் பார்க்காமல்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டே தூங்குவேன் என்று ஆலை முழுக்கக் கதை பரப்பியவன் நானேதானே. நாளையிலிருந்து சூளைப் பக்கம் வர வேண்டாம் என்றார் முதலாளி.

வீட்டுக்கு வந்து போனில் நானே அந்தப் பதிவைத் திறந்து, டோக்கனைக் கொடுத்து மீதியைக் கேட்டேன். எட்டு மணிவரை சூடு மெதுவாக, சரியாகவே இறங்குகிறது. ஒன்பதே காலுக்கு, அவன் ஷிப்டில், மடமடவென்று சரிகிறது. சூளை ஆறுவதற்குமுன் கதவைத் திறந்திருக்கிறான்; குளிர்காற்று பட்டுத்தான் தொட்டிகள் விரிசல் விட்டிருக்கின்றன.

காலையில் அந்தப் பக்கத்தை முதலாளியிடம் கொடுத்துவிடுவேன். பதினைந்து வருடமாக அவன் பெண்டாட்டி எனக்கென்று தனியாக வைத்தனுப்பும் கருவாட்டுக் குழம்பை மத்தியானம் எந்த முகத்தோடு வாங்குவது என்பதுதான் தெரியவில்லை.