ஜக்கார்டைப் பற்றி ஒரு சந்தேகம்

சென்னை
12-6-1967

சௌ. நாமகிரிக்கு ஆசீர்வாதம்.

பொறியியல் மேதைகள் பற்றிய என் புத்தகத்துக்கு நீ எடுத்த நகல், ஸ்டீவன்சன் அத்தியாயம் வரை வந்து சேர்ந்தது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அது ஒன்றாவது உனக்கு வருகிறதே! இத்துடன் பிரெஞ்சுக்காரர் ஜக்கார்டின் அத்தியாயம். தானே நெய்யும் தறியை உலகுக்குத் தந்தவர். புத்தகம் வெளிவந்ததும் உன்னை இங்கே அழைத்துக்கொள்கிறேன். கல்யாணமாகி நாலு வருஷம் பொறுத்தாய், இன்னும் நாலு மாதம் பொறு.

பராங்குசம்

சின்னக் காஞ்சிபுரம்
20-6-1967

உங்களுக்கு நமஸ்காரம்.

உங்கள் அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. நீங்கள் வந்துபோய் ஆறு மாதமாகிறது.

ஜக்கார்டைப் பற்றி ஒரு சந்தேகம். பிள்ளையார்பாளையம் முனிசாமி வீட்டு ஜக்கார்டு தறியைப் போய்ப் பார்த்தேன். "தானா எங்கேம்மா நெய்யுது? ஓட்டை போட்ட அட்டை, பூவுக்கு வேண்டிய இழையைத் தூக்கிக் குடுக்கும். குறுக்கு நூலுக்கு நாடா வுடறது நான்தான்" என்று சிரித்தார். நூலகப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது; குறித்து வைத்திருக்கிறேன். திருத்தி எழுதட்டுமா?

நாமகிரி

சென்னை
24-6-1967

நாமகிரி,

கூலிக்கு நெய்கிறவனிடம் போய் எனக்குப் பாடம் கேட்டு வந்தாயாக்கும்! நான் பி.இ.; நீ எஸ்.எஸ்.எல்.சி. உன்னை எழுதச் சொன்னேன், யோசிக்கச் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி எழுதி அனுப்பு.

பராங்குசம்

சென்னை
9-11-1967

அன்புள்ள நாமகிரிக்கு,

வெளியீட்டு விழாவில் நெசவுத் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர் எழுந்து, ஜக்கார்டு அத்தியாயத்தைப் படித்துக் காட்டி, "இதை எழுதியவர் ஒரு தறியையாவது கண்ணால் பார்த்ததுண்டா?" என்றார். சபையே சிரித்தது. நகல் எடுத்தவள் என் மனைவி, அதிகம் படிக்காதவள், அவள் செய்த பிழை என்று சமாளித்தேன். நீ ஒன்றும் தவறாக எடுத்துக்கொள்ளாதே. குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது. இரண்டாம் பதிப்பைத் திருத்த வேண்டும். உன் நூலகக் குறிப்புகளோடு உடனே புறப்பட்டு வா.

உன் பராங்குசம்

சின்னக் காஞ்சிபுரம்
15-11-1967

பராங்குசம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம்கூட வரவில்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். எழுதும்போது தப்பு யாருக்கும் வரும். நாலு பேர் சிரித்ததும் பெண்டாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்தீர்களே, உங்களையா நாலு வருஷம் பெரிய மனிதர் என்று நினைத்தேன் என்று சிரிப்புத்தான் வருகிறது. மேதைகளைப் பற்றி எழுத நீங்கள் எடுத்துக்கொண்ட சிரமம் எனக்குத் தெரியும்: அதை எழுதிய கை என்னுடையது.

நான் வரவில்லை. தறிக்காரர்களுக்கு அட்டை செய்து தரும் லோகாம்பாள் வீட்டில் ஜக்கார்டு அட்டை குத்தும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அங்கே யோசிக்கத் தெரிந்தவள்தான் வேண்டுமாம்.

கடிதத்தை உங்கள் அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். சென்னைக்குக் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டேன். இங்கேயே இருக்கிறாராம். "அவன் வந்தா சாதம் போடு. எழுதுன்னு காகிதத்தை நீட்டினா கையில வாங்காதே" என்கிறார்.

நாமகிரி