சுடலையம்மாள் வீட்டுக் கலயம்

சோழபுரம்,
1934 ஜூன் கடைசி, ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் சத்தியநேசனுக்கு அம்மா தேவகிருபை எழுதிக்கொள்வது. கர்த்தருடைய தயவால் நானும் உன் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், ரங்கூனில் உன்னையும் அவர் அப்படியே காக்க வேண்டுமென்று தினமும் முழங்காலில் நின்று கேட்கிறேன். உன் கார்டு வந்தது. ஆபீசில் வேலை அதிகம் என்று எழுதி மிச்ச இடத்தை வெறுமையாக விட்டிருந்தாய், ஒரு கார்டை நிரப்ப முடியாத அளவுக்கு அப்படி என்ன வேலையோ தெரியவில்லை. அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை. எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுகிறேன் என்றால் சங்கத்து வேலை கிடக்கிறது என்று கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நம் வெள்ளைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மழை இன்னும் இறங்கவில்லை, பிளவக்கல் பக்கம் மலையில் மேகம் கூடுவதும் கலைவதுமாக இருக்கிறது.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் பசுவையும் மழையையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். சுடலையம்மாள் மகன் சோலைராஜ் இறந்துவிட்டான். போன மாதமே எழுதியிருக்க வேண்டும், தனியாக இருக்கிற பிள்ளை கேட்டு ஒடிந்து போவாயே என்று விட்டுவிட்டேன். பரீட்சை முடிந்து லீவுக்கு வந்திருந்தான், நீ அனுப்பிய பழைய சட்டையைக் கை மடித்துப் போட்டுக்கொண்டு தெருவெல்லாம் திரிந்தான், சத்தியநேசன் அண்ணனைப் போலக் கப்பலேறப் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னான். மே மாதம் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. காலையில் அப்பன் இருளப்பசாமியோடு கிணற்றில் கமலை இறைத்த பிள்ளை பொழுது சாயும்போது இல்லை. வண்டி பூட்டி ராஜபாளையம் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லை. நான் பெற்ற பிள்ளை இல்லைதான், ஆனாலும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் பிடியரிசிச் சங்கத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அந்த அரிசியில் வளர்ந்த உடம்புதானே உன்னுடையது. இன்றைக்கும் வேதக்கார வீடு, இந்து வீடு என்று பாராமல் ஒவ்வொரு வீட்டிலும் உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்து வைக்கிறார்கள், சனிக்கிழமை நான் சாக்கோடு போய் வாங்கி வருகிறேன், பேச்சிமுத்து வண்டியில் அது ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறது. அங்கே மடவார் வளாகத்தில் நீ இருந்த அதே வாடகை வீட்டில் வேலுத்தாய்தான் படிக்கப் போன நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் பொங்கிப் போடுகிறாள். சோலைராஜும் அங்கே உண்டு படித்தவன். அவன் போனதும் உன் அப்பா, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அரிசி கேட்பது பாவம், ஒரு வருஷம் போகட்டும் என்று இரக்கப்பட்டுச் சொன்னார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. வாரா வாரம் அவள் வாசலை மட்டும் தாண்டிப் போனேன், அவள் கண்ணில் படக்கூடாதென்று வேகமாகவே போனேன். இங்கே இன்னொரு சங்கடம். அவன் இடத்துக்கு முத்துப்பேச்சி மகன் வீரணனை அனுப்பலாமென்று சங்கத்தில் முடிவு செய்தால், செத்த பிள்ளை இருந்த இடத்தில் என் மகனை உட்கார வைக்க மாட்டேன் என்று முத்துப்பேச்சி பிடிவாதமாக நின்றுவிட்டாள். பள்ளிக்கூடம் திறந்தும் அந்த இடம் காலியாகவே கிடந்தது, பையன் வீட்டில் அழுதுகொண்டிருந்தான்.

நேற்றைக்கு முந்தின சனிக்கிழமை சுடலையம்மாள் தெருவில் வந்து என் சாக்கைப் பிடித்துக்கொண்டாள். ஆள் பாதியாகிவிட்டாள். “யக்கா, எம்புள்ள போயிட்டான்னு என் அரிசியும் வேண்டாம்னு ஆயிருச்சா?” என்றாள். பிள்ளை போன துக்கம் போதாதென்று, ஊர் தன்னை ஒதுக்கிவிட்டதாக இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். உன் மனசு நோகக்கூடாதென்றுதான் வரவில்லை என்று எவ்வளவோ சொன்னேன், அவள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அடுப்படியில் சங்கத்துக் கலயம் தலைதட்டி நின்றது. பக்கத்தில் ஒரு பானை, அதுவும் நிறைய அரிசி. அதற்கும் பக்கத்தில் நார்ப்பெட்டி, அதிலும் அரிசி. வேளைக்கு ஒரு பிடி போட்டால் இவ்வளவு சேராதே, உங்கள் சாப்பாட்டைக் குறைத்தா போடுகிறாய் என்று கேட்டேன்.

“உலைக்கு அள்ளுறப்ப அவனுக்கும் சேத்து அள்ளிருதேங்க்கா. பொறவுதான் நெனப்பு வருது. அள்ளுனதத் திரும்ப அரிசிக் குலுக்கையில போடக் கை வரமாட்டேங்கு. அதான் இதுகள்ல போட்டு வச்சேன். படிக்கிற பய எவனாச்சும் தின்னட்டும்” என்றாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், அவள்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இதைக் கேள்விப்பட்ட முத்துப்பேச்சி அன்றைக்கே வீரணனின் துணிமணியை மூட்டை கட்டிவிட்டாள். திங்கட்கிழமை வண்டி புறப்படும்போது சுடலையம்மாள் வந்து, தன் அரிசிச் சாக்கின் வாயைத் தானே கட்டி ஏற்றினாள். வீரணன் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வயிறார உண்ணச் சொல்லுங்கள் என்று பேச்சிமுத்துவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இனிச் சனிக்கிழமை முதலில் அவள் வீட்டுக்குத்தான் போவது என்று உன் அப்பா சொல்லியிருக்கிறார்கள்.

மகனே, நீ அவளுக்கு ஒரு கடிதம் எழுது, கார்டு வேண்டாம், காகிதம் நிறைய எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் போய்ப் படித்துக் காட்டுகிறேன். வெயிலில் அலையாதே, ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்கள். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நீ கப்பலேறின நாளிலிருந்து என் கையும் சில வேளை உனக்கும் சேர்த்து அள்ளிவிடுகிறது. நான் அதைத் திரும்பப் பானையிலேயே போட்டுவிடுகிறேன், என் பிள்ளை வருவான் என்று. இந்தக் கிறிஸ்துமசுக்காவது வந்துவிடு ஐயா.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அம்மா,
ஜே. தேவகிருபை