பன்னிரண்டாம் படத்தின் சீட்டு

மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்காள் கணவன் எழுதுவது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் எழுதும் முதல் கடிதம் என்பதால் ‘தாங்கள்’ என்று தொடங்கியிருந்தேன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த உன் அக்காள், “நம்ம கல்யாணத்துக்கு ஸ்கூல் பையோட வந்தவ அவ. அவளுக்கு என்ன தாங்கள் கீங்கள்?” என்று சிரித்தாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

விஷயம் பின்வருமாறு. நீ சித்திரக்காரியாகவும் நான் சட்ட ஆலோசகனாகவும் பணியாற்றிய நாளிதழ் மூடப்பட்டபோது, கட்டடத்தைக் காலி செய்ய வந்தவர்கள் உன் கேலிச்சித்திரங்களைப் பழைய காகிதத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அவற்றில் பொதுப்பணி அமைச்சரைப் பற்றிய பன்னிரண்டு மூலப் படங்களை நான் எடுத்துவந்தேன். எடுத்துவரும் உரிமை எனக்கு இருந்ததா என்பது விவாதத்துக்குரியது. விட்டுவரும் உரிமை இல்லை என்பது மட்டும் உறுதி.

சென்ற வாரம், கலை அச்சுகள் வெளியிடும் அச்சகத்தின் நிர்வாகி அம்மாள் நம் வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி இரண்டு மணி நேரம் பார்த்தார். கொடுத்த தேநீர் ஆறிப்போனது. கெட்டியான பருத்தித் தாளில், மூலத்தின் அளவிலேயே, ஒவ்வொரு படத்துக்கும் நூறு பிரதிகள் அச்சிட விரும்புகிறார். ஒவ்வொரு பிரதியிலும் நீ பென்சிலால் எண்ணும் கையெழுத்தும் இட வேண்டும். ஜூன் மாதம் நூலகக் கூடத்தில் கண்காட்சி.

படங்களின் உரிமை யாருக்கு என்று கேட்டார். உன் நியமனக் கடிதத்தின் ஏழாம் பிரிவைக் காட்டினேன். மூலப் படங்களும் அவற்றின் உரிமையும் சித்திரக்காரரையே சேரும் என்கிறது அது. அந்தப் பிரிவை எழுதிச் சேர்த்தவன் நான். நீ படிக்காமல் கையெழுத்திட்டாய். ஆகவே முடிவு உன்னுடையது.

படங்களின் அடியில் நீ எழுதி, நான் கத்தரித்து எடுத்த வரிகளும் என்னிடம் உள்ளன. பதினொரு உறைகள்; ஒவ்வொன்றின் மேலும் தேதி.

இப்படிக்கு,
அக்காள் கணவன்


மார்ச் 12

அத்தானுக்கு,

கடிதம் வந்தது. பதிவுத் தபால், ஒப்புகை அட்டை, அரக்கு வேறு. தபால்காரர் பதறிப்போய், “கோர்ட்டு விவகாரமாம்மா?” என்று கேட்டார். “இல்லப்பா, குடும்ப விவகாரம். அதைவிட மோசம்” என்றேன்.

நலம். வேலையை விட்ட பிறகு நான் என்ன செய்தேன் என்று அக்காள் சொல்லியிருப்பாள். ஒரு விவசாய மாத இதழுக்குப் பூச்சிகள் வரைகிறேன். இலையைத் தின்பது, தண்டைத் துளைப்பது, சாறு உறிஞ்சுவது. இத்தனை ஆண்டில் ஒரு பூச்சிகூட வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதில்லை.

வரிகளை உறையில் போட்டு வைத்திருந்தீர்களா! தினமும் நாலு மணிக்குப் படத்தை எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வருவேன். கண்ணாடியைத் துடைப்பீர்கள், மேசை இழுப்பறையைத் திறப்பீர்கள், கத்தரிக்கோலை எடுப்பீர்கள். “பேனாவால அடிச்சா போதாதா அத்தான்?” என்று கேட்டால், “அடிச்ச எழுத்தை வெளிச்சத்துல புடிச்சுப் படிச்சிடலாம்மா” என்பீர்கள். படத்தின் மூலையில் கையெழுத்துக்குப் பதிலாக நான் போடும் எறும்பு மட்டும் தப்பிக்கும். ‘கத்தரி’ என்று நான் வைத்த பெயர் அச்சுக்கோப்பவர்கள் வரைக்கும் பரவியது. கூப்பிட்டால் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை நீங்கள்.

அச்சிடச் சம்மதம். ஒரே நிபந்தனை: வெட்டிய வரிகளை எல்லாம் அந்தந்தப் படத்துக்குக் கீழே திரும்பச் சேர்க்க வேண்டும். அந்த அமைச்சர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. இனி யாருக்குப் பயம்?

பன்னிரண்டாவது படத்தைப் பார்க்க வேண்டும். அமைச்சர் திறந்துவைத்த அந்தப் புதுப் பாலம் இடிந்த வாரம் வரைந்தது. நீங்கள் வெட்ட ஒன்றும் மிச்சம் வைக்கக் கூடாது என்றே வரி எழுதாமல் கொண்டுவந்தேன். நீங்கள் படத்தையே நிறுத்தினீர்கள். “வக்கீல் வேணாம்னுட்டாரு. விசாரணை நடக்குதாம், சட்டப்படி போடக்கூடாதாம்” என்று ஆசிரியர் சொன்னார். மறுநாள் நான் வேலையில் இல்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். படங்களை அனுப்புங்கள்.

சின்னவள்


மார்ச் 23

அன்புள்ள சின்னவளுக்கு,

பன்னிரண்டு படங்களும் பதினொரு உறைகளும் இத்துடன் காப்பீடு செய்து அனுப்பப்படுகின்றன. பெட்டியைத் திறக்கும்போது கத்தி படாமல் பார்த்துக்கொள்.

இறந்தவர் அவதூறு வழக்குத் தொடர இயலாது. வாரிசுகள் தொடுத்தாலும் நிலைப்பது கடினம். எனவே வரிகளைச் சேர்க்கச் சட்டரீதியான ஆட்சேபம் எனக்கில்லை. ஆயினும் ஒரு வேண்டுகோள்: முதலில் வரியில்லாமல் பார். பிறகு வரியை அடியில் வைத்துப் பார். அதன்பின் முடிவு செய்.

ஐந்தாவது படம் நினைவிருக்கும். அமைச்சர் புதுப் பாலத்தின் ஒப்பந்தத்தை ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்கிறார். நிறுவனத்தின் உண்மையான முதலாளி அமைச்சரே என்று ஊரெல்லாம் பேச்சு. ‘தானே கேட்டார், தானே கொடுத்தார்’ என்பது உன் வரி. ஆவணம் இல்லாததால் கத்தரித்தேன். நீ கதவை அறைந்துவிட்டுப் போனாய். பத்து நிமிடத்தில் திரும்பிவந்தாய். ஒப்பந்தக்காரரின் முகத்தில் அமைச்சரின் மூக்கு இருந்தது.

மறுநாள் பேருந்தில் இரண்டு பேர் அந்தப் பக்கத்தை விரித்துவைத்துச் சிரித்ததை நான் பின் இருக்கையிலிருந்து பார்த்தேன். நான்காம் நாள் நோட்டீஸ் வந்தது: ‘எமது கட்சிக்காரரின் மூக்கு இழிவுபடுத்தப்பட்டுள்ளது.’ நான் அனுப்பிய பதிலின் நகல் இன்னும் என்னிடம் உள்ளது: ‘படத்தில் இரண்டு மூக்குகள் உள்ளன. அவற்றில் எது தங்கள் கட்சிக்காரருடையது என்று தெரிவித்தால் பதிலளிக்க வசதியாக இருக்கும்.’ அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

மொத்தம் ஏழு நோட்டீஸ்கள். ஒன்றுகூட நீதிமன்றப் படி ஏறவில்லை. நீ ஒரு நாளும் சாட்சிக் கூண்டில் நின்றதில்லை. என் தொழில் வாழ்க்கையில் நான் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளும் செய்தி இது ஒன்றுதான்.

“ரெண்டு பேரும் தபால்லயே குடும்பம் நடத்துங்க. எனக்கு மட்டும் ஒரு ஃபோன் பண்ணச் சொல்லுங்க அவளை” என்கிறாள் உன் அக்காள்.

இப்படிக்கு,
அக்காள் கணவன்


ஏப்ரல் 6

அத்தானுக்கு,

நீங்கள் சொன்னபடி செய்தேன். தரையில் பன்னிரண்டையும் வரிசையாக வைத்து, முதலில் சும்மா நடந்து பார்த்தேன். பிறகு உறைகளைத் திறந்து வரிகளை அடியில் பொருத்தினேன். நீங்கள் வெட்டிய கோடு இம்மி பிசகவில்லை, பல்லும் பல்லும் போல் உட்கார்ந்தது.

இரண்டாவது படத்தில் அமைச்சர் தன் நிழலையே நாடா வைத்து அளக்கிறார், நினைவிருக்கிறதா? ‘ஐயா வளர்கிறார், பொழுது சாய்கிறது’ என்று எழுதியிருந்தேன். அன்றைக்கு அதை வெட்டியபோது என் நாக்கையே வெட்டியதுபோல் அழுதேன். இப்போது வரியோடு பார்த்தால், சிரிக்க வேண்டிய இடத்தை நானே விரலால் காட்டிக்கொண்டு நிற்கிறேன். வரியை எடுத்துவிட்டால் பார்க்கிறவன் தானாக மூலையில் இருக்கும் பாதிச் சூரியனைக் கண்டுபிடிக்கிறான். வெட்டிவிடுவீர்கள் என்று தெரிந்துதான் சூரியனை வரைந்தேன். மூக்கும் அப்படித்தான். எழுதத் தெரிந்தவளை வரையத் தெரிந்தவளாக்கியது உங்கள் கத்தரிக்கோல். இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கிறது தெரியுமா?

வரிகள் வேண்டாம். படங்கள் அப்படியே இருக்கட்டும்.

இனி பன்னிரண்டாவது. ஆறு நிறையச் செருப்புகள் மிதக்கின்றன. கரையில் அமைச்சர், திறப்பு விழாவில் நாடா வெட்டிய அதே கத்தரிக்கோலோடு நிற்கிறார். வேறொன்றும் இல்லை. நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

படத்தைத் திருப்பினேன். பின்னால் உங்கள் சீட்டு ஒட்டியிருக்கிறது. அதை அன்று யாரும் எனக்குக் காட்டவில்லை. ‘பிரசுரத்துக்கு உகந்ததல்ல. விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டுள்ளது.’ கீழே உங்கள் சுருக்கொப்பம், தேதி: ஆகஸ்ட் 16.

பாலம் விழுந்தது பதினான்காம் தேதி. நூலகத்துக்குப் போய்ப் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். அரசு ஆணையத்தை அமைத்தது பத்தொன்பதாம் தேதி. அதற்கு முன்னால் ஒரு பேச்சும் இல்லை.

தேதி போடாத தாள் உங்கள் கையை விட்டுப் போகாது. அதனால்தான் கேட்கிறேன். பிறக்காத ஆணையம் மூன்று நாள் முன்னாலேயே உங்கள் சீட்டில் எப்படி வந்தது, அத்தான்?

சின்னவள்


ஏப்ரல் 29

அன்புள்ள சின்னவளுக்கு,

தாமதத்துக்கு வருந்துகிறேன். இக்கடிதத்தை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றும் வாதங்களாக அமைந்துவிட்டன.

ஆகஸ்ட் 16 அன்று ஆணையம் இல்லை. அமைக்கப்படலாம் என்று ஊகித்தேன். அமைக்கப்பட்டது என்று எழுதினேன். படத்தை நிறுத்தச் சட்டத்தில் காரணம் எதுவும் இல்லாததால் ஒன்றை நான் உண்டாக்கினேன்.

காரணம் வேறு. அந்த வாரம் நீதிபதிப் பதவிக்கான பட்டியலில் என் பெயர் இருந்தது. பட்டியல் அமைச்சர்களின் பார்வைக்குப் போகும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. யாரும் எதுவும் கேட்கவுமில்லை. நாலு மணிக்கு நீ படத்தை மேசையில் வைத்தாய். செருப்புகளில் ஒன்று குழந்தையுடையது. நான் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் பயந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து வந்த இறுதிப் பட்டியலில் என் பெயர் இல்லை.

பதினொரு படங்களில் கத்தரித்தது சட்டம். பன்னிரண்டாவதில் என் பயம். இரண்டுக்கும் ஒரே கத்தரிக்கோலைப் பயன்படுத்தியதால், ஒன்றை மற்றொன்றாக நீ நம்பினாய். நம்பும்படி விட்டது என் குற்றம்.

சீட்டு பின்னால் இருப்பது எனக்குத் தெரியும். பெட்டி கட்டுவதற்கு முன், சுடுநீர் ஆவியில் காட்டினால் தடயமில்லாமல் உரிந்துவிடும் என்று யோசித்தேன். தண்ணீரைக் கொதிக்கவும் வைத்தேன். பிறகு அடுப்பை அணைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். நீ பார்ப்பாய் என்று தெரிந்தே அனுப்பினேன் என்பதை எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. நிகழ்ந்ததைப் பதிவு செய்கிறேன்.

உன் அக்காளிடமும் சொன்னேன். “இதையா இத்தனை வருஷம் தொண்டையில வெச்சிருந்தீங்க?” என்றாள். மூன்றாம் நாள், “எழுதினத நீங்க தபால்ல போடுறீங்களா, நான் போடவா?” என்று கேட்டாள்.

மன்னிப்புக் கேட்கிறேன். கிடைக்க வேண்டும் என்று வாதாடவில்லை. பன்னிரண்டாம் படத்தை எந்த விதத்தில் வெளியிட்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

அக்காள் கணவன்


மே 17

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் ஒரு வெட்டுக்கிளியைக்கூட ஒழுங்காக வரைய முடியவில்லை. ஒன்றுக்கு மூன்று கால்களை முன்பக்கமே போட்டுவிட்டேன். இதழாசிரியர் திருப்பி அனுப்பினார்.

கோபத்தில் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. அது என்னிடமே இருக்கட்டும், உறையில், மேலே தேதி போட்டு.

நாலாம் நாள் வேறு ஒன்று தோன்றியது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் படத்தில் ஏதோ சட்டக் குறை இருந்தது, எனக்குத் தெரியாமல் வரம்பு மீறிவிட்டேன் என்றே நினைத்திருந்தேன். குறையே இல்லை. ஏழு நோட்டீஸை மூக்கைக் காட்டி விரட்டியடித்த ஆள், ஒரு வரிகூட இல்லாத என் படத்தைப் பார்த்துக் கண்ணாடியைத் துடைக்கும் நேரத்தில் நடுங்கிப்போயிருக்கிறார். ஒரு கேலிச்சித்திரத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் யார் தருவார்? அன்றைக்குத் தெருவில் நடந்தபோது தலை கொஞ்சம் நிமிர்ந்தே இருந்தது.

அச்சகத்துக்குப் போய்வந்தேன். பதினொரு படங்களிலும் அடி விளிம்பை நேராக்க வேண்டாம், கத்தரிக்கோல் போன கோடு அப்படியே அச்சில் விழட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நிர்வாகி அம்மாள், “அது குறை மாதிரி தெரியுமே” என்றார். “அதுவும் படத்துல பாதிம்மா” என்றேன்.

பன்னிரண்டாவதுக்கு வரி வேண்டும். என்னிடம் இல்லை, உங்கள் சீட்டு இருக்கிறது. அதைத் தேதியோடு, சுருக்கொப்பத்தோடு படத்தின் அடியில் அச்சிட ஆசைப்படுகிறேன். பக்கத்துச் சுவரில் ஆணையம் அமைந்த நாளின் செய்தித்தாள். பார்க்கிறவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். உங்கள் வக்கீல் நண்பர்கள் எல்லாரும் வருவார்கள் என்று தெரியும். அதனால்தான் கேட்கிறேன். மாட்டேன் என்றால் வெறும் படம் மட்டும். என் மேல் ஆணை.

வக்கீலாக யோசியுங்கள், அத்தானாகப் பதில் எழுதுங்கள்.

மன்னிப்பைத் தபாலில் தருவதாக இல்லை. அதற்கு நேரில் வர வேண்டும்.

சின்னவள்


மே 24

அன்புள்ள சின்னவளுக்கு,

யோசித்தேன். அதற்கு நீ நினைத்த அளவு நேரம் ஆகவில்லை.

சீட்டை அச்சிட இதன்மூலம் முழுச் சம்மதம் தெரிவிக்கிறேன். தேதியை மங்கலாக்கவோ சிறிதாக்கவோ கூடாது. சுருக்கொப்பத்தை வைத்து ஆளை அடையாளம் காண இயலாது. அந்த வசதி எனக்கு வேண்டாம். கீழே என் முழுப் பெயரையும், ‘நாளிதழின் சட்ட ஆலோசகர்’ என்பதையும் சேர்க்கச் சொல். அச்சகத்துக்குத் தனியே ஓர் ஒப்புதல் கடிதம் இணைத்துள்ளேன்.

உன் அக்காள் பன்னிரண்டாம் படத்தின் முதல் பிரதியைக் கேட்கிறாள். வரவேற்பறையில் என் வழக்கறிஞர் பதிவுச் சான்றிதழ் தொங்கும் இடத்தை அளந்து பார்த்தாள். “இது பக்கத்துல கொஞ்சம் நகரட்டும். நடுவுல என் தங்கச்சி படம்” என்றாள். ஆணியை நானே அடித்தேன். சுவரில் இப்போது ஒரு காலி இடம் இருக்கிறது. வருகிறவர்கள் என்னவென்று கேட்கிறார்கள். சொல்கிறேன்.

கண்காட்சிக்கு இருவரும் வருகிறோம். காலை வண்டிக்குச் சீட்டு எடுத்தாயிற்று. பன்னிரண்டாம் படத்தின் அருகில் நிற்பதாக இருக்கிறேன். கேட்பவர்களுக்கு நானே பதில் சொல்வதுதான் முறை. நீ கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, வந்திருக்கும் நம் பழைய அச்சுக்கோப்பவர்கள் காதில் விழும்படி, அந்தப் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடு. இம்முறை திரும்பிப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
கத்தரி